குடியை விட்டவருக்குக் 'கொஞ்சம்' எவ்வளவு?



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில பேசிப் பழக்கமில்லை. குடியால வர்ற கஷ்டத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குடியை விட்டு வருஷக்கணக்கா ஆனபிறகு வர்ற ஒரு கேள்வியைப் பத்தி மட்டும் பேசுறேன்.

என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். அவர் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகுது. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இங்க பேச வந்தேன். போன ஆடியில கூழ் ஊத்துற அன்னைக்குப் பங்காளி ஒருத்தர், "இப்பதான் நல்லா ஆயிட்டியே, ஒரு பீர் குடிச்சா என்ன?"ன்னு கேட்டார். ராத்திரி இவரே என்கிட்ட, "அளவா குடிச்சா தப்பா?"ன்னு கேட்டார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஆனா சண்டை போடல. வைத்தியம் பார்த்த இடத்துக்கே ரெண்டு பேரும் போய்க் கேட்டோம்.

அங்க கவுன்சலர் முதல்ல கேட்டது, "கொஞ்சம்னா எவ்வளவு?" நம்ம பக்கம் கொஞ்சம்னா ஒரு குவாட்டர். அது 180 மில்லி. டாக்டர்கள் 30 மில்லியை ஒரு அளவுன்னு வச்சிருக்காங்க. அப்படின்னா ஒரு குவாட்டர் ஆறு அளவு! உடம்புக்குக் கெடுதி இல்லாத அளவுன்னு மதுவில எதுவுமே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொல்லியிருக்கு.

குடிக்கிற எல்லாரும் ஒரே மாதிரி இல்லைன்னும் சொன்னார். குடி முத்தாதவங்க சிலர் குறைச்சுக்கிட்டே நிப்பாங்க. ஆனா காலையில குடிக்கலன்னா கை நடுங்குற அளவுக்குப் போனவங்களுக்கு, அறவே விடறதுதான் பத்திரம். எத்தனை வருஷம் ஆனாலும் உள்ளே இருக்கிற அந்தப் பழக்கம், ஒரு கிளாஸ்ல முழிச்சுக்கும்.

இதை வெளிநாட்டுலயும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. லண்டன்ல டேவிஸ்னு ஒரு டாக்டர் 1962-ல, குடிக்கு வைத்தியம் பார்த்துக்கிட்ட 93 பேர்ல 7 பேர் பிறகு அளவா குடிச்சு நல்லா இருக்காங்கன்னு எழுதினார். பெரிய விவாதம் ஆச்சு. அந்த ஏழு பேரைப் பத்தி 1985-ல மறுபடி விசாரிச்சு எழுதினப்போ, அவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்பவும் குடியில மாட்டியிருந்தது தெரிஞ்சுது. என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுட்டு, "அந்த மிச்ச ஆள்ல நானும் ஒருத்தனா இருப்பேன்னு என் பிள்ளைங்களை வச்சு சூதாட முடியாது"ன்னு சொன்னார்.

சென்னையில சாந்தி ரங்கநாதன் அம்மா, குடியால கணவரை இழந்தவங்க. 1980-ல அவர் பேர்லயே நிறுவனம் தொடங்கி, குடிநோய்க்கு ஆஸ்பத்திரி நடத்தினாங்க. 1992-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. குடிக்கிறவரோட அவர் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அங்க வைத்தியம். நாமளும் நோயில பாதிக்கப்பட்டவங்கதானே!

நம்ம குழுக்கள்ல செய்யக்கூடியது சிலது இருக்கு.

தினமும் நிறையக் குடிக்கிறவரைத் திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். டாக்டர் பார்வையிலதான் நிறுத்தணும்.

தெரியாம சாப்பாட்டுல மருந்து கலக்காதீங்க. அதோட மேல குடிச்சுட்டா உயிருக்கே ஆபத்து.

ஒருத்தர் இன்னும் விட முடியாம, குறைச்சிருக்கார்னா கேலி பேசாதீங்க. அதுவும் ஒரு படிதான். அங்கேயே நின்னுடாம அடுத்த படிக்குக் கூட்டிப் போகணும்.

விட்டவர் ஒரு நாள் தவறிட்டா, "எல்லாம் போச்சு"ன்னு ஒப்பாரி வைக்காம, மறுநாளே வைத்தியத்துக்கு அழைச்சுட்டுப் போங்க. 14446-க்கு போன் பண்ணினா வழி சொல்வாங்க, காசு கிடையாது.

விசேஷ வீட்டுல குடியை விட்டவர் கையில மோரைக் கொடுங்க. "ஒரு பீர்தானே"ன்னு யாராவது சொன்னா, நம்ம உறுப்பினர்கள் நாலு பேராவது குறுக்கே நிக்கணும்.

நாம கடன் வாங்கிக் கட்டுறோம், மாடு வாங்குறோம், பிள்ளையைப் படிக்க வைக்கிறோம். அது எல்லாம் நிலைச்சு நிக்கணும்னா வீட்டுல அந்த 'கொஞ்சம்' நுழையக் கூடாது.