இறக்கத்தில் கியர்தான் காவல்



கரும்பு வெட்டு, நெல் அறுப்பு என்று வந்துவிட்டால் டிராக்டருக்கு உழவைவிடப் பாரம் இழுக்கும் வேலைதான் அதிகம். ஆலைக்குக் கரும்பு, வீட்டுக்கு நெல், வயலுக்கு எரு, எல்லாமே டிரெய்லரில்தான் போகிறது. உழவுக்கு எந்த கியர் என்று கேட்டால் நம் வீட்டுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். பாரத்தோடு மேடு ஏறவும் இறங்கவும் எந்த கியர் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் கியர்பெட்டியின் கணக்கைப் பாருங்கள். எஞ்சினின் சக்தி ஒன்றுதான். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சக்கரத்தில் இழுவை ஏறத்தாழ இரண்டு பங்காகும். சின்ன கியரில் வண்டி மெதுவாகப் போனாலும் மூச்சு வாங்காமல் இழுப்பது இதனால்தான். ஆகவே ஏற்றம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பாதி ஏற்றத்தில் கியர் மாற்றலாம் என்று கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருக்கிற பிடி விட்டுப்போகிறது. பாரம் வண்டியைப் பின்னால் இழுக்கும். அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் கூடாது. கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகிப்போகும்.

ஏற்றத்தைவிட ஆபத்து இறக்கத்தில்தான். நம் டிராக்டரின் எடை சுமார் 2 டன். பின்னால் 4, 5 டன் ஏற்றுகிறோம். ஏற்றத்தில் டிராக்டர் பாரத்தை இழுக்கிறது. இறக்கத்திலோ பாரம் டிராக்டரைத் தள்ளுகிறது. பல டிரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டரின் பிரேக்தான் அத்தனை எடையையும் தாங்க வேண்டும். 10 கிலோமீட்டர் வேகம் 20 ஆனால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கல்ல, 4 மடங்கு ஆகிறது. விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடும்.

"இறக்கந்தானே அண்ணே, நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்"னு சில டிரைவர் தம்பிகள் சொல்வாங்க. இது தப்புக் கணக்கு. இறக்கத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை மட்டும் உருட்டிவிடுவோமா? நுகத்தடியில் மாடு எதிர்த்துப் பிடிப்பதால்தான் பார வண்டி நிதானமாக இறங்குகிறது. கியரில் இருக்கும் எஞ்சின்தான் அந்த மாடு. நியூட்ரல் போடுவது மாட்டை அவிழ்ப்பதற்குச் சமம்.

டீசல் கணக்கையும் பார்ப்போம். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. அந்த நேரத்தில் டீசல் பம்பு டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தானாக ஓட வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். ஆக, கியரில் இறங்குவதில்தான் மிச்சம். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் மோசம். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயை நினைத்துப் பாருங்கள். 2020 டிசம்பரில் பாரம் ஏற்றி இறங்கிய லாரி ஒன்று, முன்னால் நின்ற வாகனங்களின் மேல் மோதி 4 பேர் மாண்டார்கள். பாரம் தள்ளும் இறக்கத்தில் வண்டி ஒருமுறை கைமீறினால் திருப்பிப் பிடிப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்கும் வேன்களில் 'டோ மோட்' என்று ஒரு பொத்தான் உண்டு. அவை தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிகள். அந்தப் பொத்தானை அழுத்தினால் கியர்பெட்டி அவசரப்பட்டுப் பெரிய கியருக்குத் தாவாது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் சின்ன கியருக்கு வந்து எஞ்சினால் பிடிக்கும். பொத்தான் இல்லாத வேனில் கியர்பெட்டிக் கணிப்பொறியைத் திருத்தி அதைப் பின்னால் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் ஒன்று. அந்தப் பொத்தான் எஞ்சினுக்கு ஒரு குதிரைச் சக்தியும் கூட்டாது, பிரேக்குக்கும் பலம் தராது. சரியான கியரைப் பிடித்து வைப்பது ஒன்றுதான் அதன் வேலை. கையால் கியர் போடும் நம் டிராக்டரில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஓட்டுகிறவர்தான்.

ஆகவே இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

ஒன்று: ரோட்டில் போகும்போது இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொண்டி போட்டுச் சேர்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழும்.

இரண்டு: டிரெய்லரைத் தாழ்வான கொக்கியிலேயே மாட்டுங்கள். கலப்பை பூட்டும் மேல்கம்பியில் மாட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும்.

மூன்று: இறக்கத்தின் தலைப்பிலேயே வண்டியை மட்டுப்படுத்தி, அதே மேட்டை ஏற எந்த கியர் வேண்டுமோ அதைப் போடுங்கள். செங்குத்தாக இருந்தால் அதைவிடச் சின்ன கியர். கை ஆக்ஸிலேட்டரையும் இறக்கிவிடுங்கள்.

நான்கு: பாதியில் கிளட்சை மிதிக்காதீர்கள். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தி, வேகம் தணிந்ததும் விட்டுவிடுங்கள். மிதித்தபடியே வராதீர்கள்.

ஐந்து: பாரத்தின் மேலும் மட்கார்டிலும் ஆள் ஏற்றாதீர்கள். குழந்தை குட்டிகளை ஏற்றவே கூடாது.

வண்டிக்குச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "சீக்கிரம் போய்ட்டு வாப்பா, இன்னொரு நடை அடிக்கணும்"னு டிரைவரை விரட்டாதீர்கள். சின்ன கியரில் இறங்கினால் கால் மணி நேரம் கூட ஆகலாம். ஆனால் பாரமும் வந்து சேரும், ஆளும் வீடு வந்து சேருவான்.