ஒரே படகிற் செல்வோர்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகில், நாகபூசணி அம்மனைத் தரிசிக்கும் அடியாரும் நாகவிகாரையை வணங்க வரும் சிங்கள யாத்திரிகரும் அருகருகே அமர்ந்திருப்பர். கரையேறும் வரையே அந்த உறவு. ஓர் அலுவலகத்தில் இரு இனத்து இளைஞர் நாள்தோறும் அருகருகே அமர்வது அத்துணை எளிதன்று. அதுபற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஆங்கிலேயராட்சியில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயா சென்று, எழுதுவினைஞராகவும் புகையிரத நிலைய அதிபராகவும் மலாயரோடும் சீனரோடும் கலந்து பணிபுரிந்தனர். நம் நாட்டிலோ 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. தமிழிளைஞர்க்கு அரசாங்க சேவையின் வாயில் ஒடுங்கலாயிற்று. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றது. 2007 யூலை முதல் சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென்று சுற்றறிக்கை பிறந்தது. விதி பிறந்தது, மனம் மாறிற்றா?

என் மனமே மாறியிருக்கவில்லை. பழைய மாணவனொருவனுக்குத் தென்னிலங்கையில் நியமனம் கிடைத்தது. "மொழி தெரியாத ஊரில் என்ன செய்வேன், ஐயா?" என்றான். "இங்கேயே ஒன்றைப் பார், தம்பி" என்றேன். அவன் போகவில்லை.

பின்பொருநாள், தீவு மருந்தகமொன்றில் தெற்கிலிருந்து வந்த இளம் மருத்துவர் ஒரு மூதாட்டியிடம், "நெஞ்செரிவோ, நெஞ்சு நோவோ?" என்று தடுமாறாத தமிழிற் கேட்கக் கண்டேன். ஓராண்டுக்கு முன் அவ்விரு சொல்லின் பேதம் தமக்குத் தெரியாதென்று அவரே கூறினார். பேதம் தெரியாவிடின் மருந்தும் மாறும் அல்லவா? அவர் வந்தார், கற்றார். நானோ என் மாணவனைத் தடுத்துவிட்டேன். அன்று வெட்கினேன்.

பல்லினத்தாரையும் சேவையிற் சேர்த்தல் சிறுபான்மையோர்க்கு இடும் பிச்சையன்று. மனுவோடு வரும் ஏழைக்குத் தன் மொழியில் மறுமொழி கிடைத்தற்கு அதுவே வழி. திறமையைத் தள்ளி இனத்தை எண்ணுக என்று நான் சொல்லவில்லை. தமிழர் வாழுமிடத்தில் தமிழறிவும், சிங்களவர் வாழுமிடத்தில் சிங்கள அறிவும் திறமையின் பகுதியே என்கின்றேன்.

ஆதலின் அரசாங்கத்தார் விதியை ஏட்டளவில் நிறுத்தாது, மொழி கற்பிக்க ஆசிரியரைத் தரல்வேண்டும். பெற்றோரும் தெற்கே நியமனம் பெற்ற பிள்ளையைத் தடுத்தலாகாது. நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். படகில் ஏறியவர் எவராயினும், எல்லோரும் ஒரே துறையைச் சேரவேண்டியவர்களே.