இந்த வயதில் எதற்கு சாமி?

(ஜூலை மாதம் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தொடங்கிவைத்தது. ஆண்டவரின் தாத்தா பாட்டியான புனித சுவக்கின், புனித அன்னா திருவிழாவை ஒட்டி அது வருகிறது. அதே நாட்களில், ஜூலை 28-ஆம் தேதி, கல்லீரல் அழற்சி நோய்க்கான உலக நாளும் வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்து இன்று பேச நமக்கு ஒரு காரணம் இருக்கிறது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் களமருதூர் பக்கத்து ஊர்களில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவோம். அருள்சகோதரி ஒருவர், வின்சென்ட் தே பவுல் சபை அன்பர் ஒருவர், பங்குச் சாமியார் என்று மூன்று பேராகப் போவது வழக்கம். சில மாதங்களுக்கு முன் அப்படிப் போன வீட்டில் 72 வயதுத் தாய் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர். அடையாளம் தெரிவதற்காகத் தட்டின் விளிம்பில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

விசாரித்தோம். கண்புரை அறுவைசிகிச்சைக்காக இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெபடைடிஸ் சி என்று வந்திருக்கிறது. அன்றிலிருந்து தட்டு தனி. கண் ஆப்பரேஷனையும் வீட்டில் தள்ளிப்போட்டுவிட்டார்கள். “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காங்களாமே, போகலையா அம்மா?” என்று கேட்டோம். அவர் சொன்னார்: “இந்த வயசுல எனக்கு எதுக்கு சாமி மருந்து? புள்ளைங்களுக்குத்தான் தொந்தரவு. ஆண்டவர் கூப்பிடறப்ப போயிடறேன்.”

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டால் நமக்கு உடனே என்ன தோன்றும்? ‘என்ன விசுவாசம்!’ என்று தோன்றும். சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். போயிருப்போம். அந்தத் தட்டில் இருந்த பொட்டுதான் எங்களைப் போகவிடவில்லை.

அன்பார்ந்தவர்களே, முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுவோம். ஹெபடைடிஸ் சி இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கட்டிப் பிடிப்பதாலோ, பேரப்பிள்ளைக்கு முத்தம் கொடுப்பதாலோ பரவாது. சவரப் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் இவற்றைப் பகிர்ந்துகொள்ளாமல் இருந்தால் போதும்.

அந்தத் தாய்க்கு நோய் எப்படி வந்திருக்கும்? நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் 1986-இல் பிரசவத்தில் இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றியதை அவர் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் இரத்தம் கொடுத்தவரையோ ஏற்றியவரையோ நாம் குறை சொல்லவும் முடியாது. இந்த வைரஸ் இன்னது என்று கண்டுபிடிக்கப்பட்டதே 1989-இல்தான்; அதில் பங்குபெற்ற மூன்று அறிவியலாளர்களுக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்தும் வைக்காமலும் ஊருக்கெல்லாம் போட்ட காலத்தை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். இன்னொரு துயரமும் நம் மாவட்டத்தில் உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கல்லீரல் நோய் என்று சொன்னாலே ‘குடிச்சிருப்பாங்க’ என்று பேசும் வாய்கள் பெருகிவிட்டன. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத அந்தத் தாய் கோவிலுக்கு வராமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது எங்கள் பழைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணிசெய்தபோது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இதே நோய் தெரியவந்தது. அப்போதிருந்த மருந்து இன்டர்ஃபெரான் என்னும் ஊசி. கூடவே ரிபாவிரின் மாத்திரை. ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு போட வேண்டும். போட்ட அன்று காய்ச்சல், உடல்வலி. போகப் போக இரத்தசோகை, மனச்சோர்வு. செலவு இலட்சக்கணக்கில். இவ்வளவும் செய்தாலும், வைரஸின் வகையைப் பொறுத்து, பாதிப் பேருக்குத்தான் குணம் என்ற நிலையும் இருந்தது. “உங்க ஈரல் இப்போதைக்கு நல்லா இருக்கு, காத்திருக்கலாம்” என்றார் மருத்துவர். எங்களிடம் வந்து கேட்டார். நாங்களும் “காத்திருங்கள் சார்” என்றோம். அன்றைக்கு அது சரியான அறிவுரைதான்.

ஆனால் காத்திருக்கச் சொன்னவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு மாற்றல் வந்தது. புது மாத்திரைகள் வந்துவிட்டன என்று செய்தித்தாளில் படித்தபோது அவர் முகம் நினைவுக்கு வரவேயில்லை. 2019-இல் இரத்த வாந்தியோடு மருத்துவமனையில் கிடக்கிறார் என்று ஃபோன் வந்தது. ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. போய் நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு வந்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஃபோன் செய்திருக்கலாம்.

அந்த மாத்திரைகளின் கதையைக் கொஞ்சம் சொல்வோம். சோஃபோஸ்புவிர் என்ற மருந்துக்கு 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். உலகமே கொதித்தது, கொதிக்க வேண்டியதுதான். 2014-இல் அதே நிறுவனம் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்க, விலை பல மடங்கு இறங்கியது. 2018 ஜூலை 28-இல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் போதும். 100 பேரில் 95 பேர் அளவுக்குக் குணமாகிறார்கள். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். ‘வயதாகிவிட்டது, தாங்காது’ என்று காத்திருந்ததெல்லாம் இன்டர்ஃபெரான் காலத்து நியாயம். மருந்து மாறிவிட்டது. வீடுகளில் பேச்சு இன்னும் மாறவில்லை.

அப்படியானால் வயதைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும், ஆனால் எண்ணாக அல்ல. முதலில், இரத்தத்தில் ‘சி’ என்று வந்ததாலேயே நோய் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதல் பரிசோதனை, எப்போதோ அந்த வைரஸ் வந்துபோன தடத்தை மட்டும் காட்டும். வைரஸ் வந்த 100 பேரில் 15 முதல் 45 பேர் வரை மருந்தில்லாமலே அதைத் துரத்திவிடுகிறார்கள். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது பரிசோதனை உண்டு. அதற்குள் தட்டைப் பிரித்துவிட்டோமே! பிறகு ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இருபது ஆண்டுகளில் 100 பேரில் 15 முதல் 30 பேருக்கு ஈரல் சுருங்குகிறது. வயது கூடக் கூட அந்த வேகமும் கூடுகிறது. இரத்தப் பரிசோதனையை வைத்துப் போடும் கணக்கு ஒன்றில் வயதும் சேர்வதால், முதியவருக்கு அது உள்ளதைவிட மோசமாகக் காட்டக்கூடும். அதனால் முடிந்தால் ஃபைப்ரோஸ்கேனும் பார்ப்பது நல்லது. அடுத்து, அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். நம் பெரியவர்களின் மஞ்சள் பையில் என்னதான் இருக்காது? இதயத்துடிப்புக்காகக் கொடுக்கும் அமியோடரோனோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தாகக் குறையலாம். காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் இதன் பலனைக் கெடுக்கும். வாயு மாத்திரை, கொழுப்பு மாத்திரை, வீட்டில் செய்த லேகியம், எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய் மருத்துவர் மேசையில் கொட்டுங்கள், வெட்கப்படாதீர்கள். கீழாநெல்லியைக் கேட்பீர்கள் என்று தெரியும். தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். இந்த நோயோ கண்ணில் மஞ்சள் காட்டாமல் முப்பது வருடம் உள்ளேயே இருக்கும்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தபோது ஒன்று கற்றுக்கொடுத்தார்கள். உயிரைக் காக்க சாதாரண வழிகளைக் கையாள நமக்குக் கடமை உண்டு. தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகிற அசாதாரண வழிகளுக்குக் கட்டாயமில்லை. 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்கமருந்து மருத்துவர்களிடம் பேசியபோது இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். இன்டர்ஃபெரான் பல முதியோருக்கு அசாதாரண வழிதான். மூன்று மாத மாத்திரையை அப்படிச் சொல்ல முடியுமா? நமக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் ‘வேண்டாம்’ என்பது சரியாகும் இடமும் உண்டு. எங்கள் பங்கிலேயே 84 வயதுப் பெரியவர் ஒருவர். நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இதே வைரஸும் தெரியவந்தது. மகன் துடித்தார்: “எதையும் விட்டுவிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது சாமி.” மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: ஈரல் இவரைக் கொண்டுபோகப் போவதில்லை, மீதி இருப்பது சில மாதங்கள், அதில் மருத்துவமனை வரிசையைச் சேர்க்க வேண்டாம். பெரியவரும் அதையேதான் விரும்பினார். வலிக்கு மருந்து, வாரம் ஒருமுறை நற்கருணை, மாலையில் வாசலில் கட்டில். அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். மகனுக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. அவர் தன் தந்தைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று இந்த வானொலி வழியாகவும் சொல்லிவைக்கிறோம்.

இரண்டு பேரும் ‘வேண்டாம்’ என்றார்கள். இரண்டும் ஒன்றுதானா?

யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாய் நோயுற்றுக் கிடந்த ஒருவரைப் பார்க்கிறோம். நலம்பெற விருப்பமா என்று இயேசு கேட்கிறார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். விருப்பத்தைக் கேட்டால் ஆள் இல்லாத குறையைச் சொல்கிறார்! பல முறை பிரசங்கம் செய்த பகுதிதான் இது. அந்தத் திண்ணையில்தான் எங்களுக்குப் புரிந்தது. ‘இந்த வயசுல எதுக்கு’ என்று அந்தத் தாய் சொன்னதைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்ற கேள்வி. மகன் திருப்பூரில். மருமகள் நூறு நாள் வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்கிற பெரியவர்களுக்கோ மலையிறங்கி வருவதே ஒரு நாள் பாடு. அந்த 84 வயதுப் பெரியவருக்குக் கூட்டிப்போக ஆள் இருந்தும் வேண்டாம் என்றார். அது முடிவு. இந்தத் தாய் சொன்னது முடிவல்ல.

அதனால் மறுபடியும் போனோம். இந்த முறை, “ஆள் நாங்க ஏற்பாடு பண்றோம், பஸ் செலவு சபை பார்த்துக்கும், இப்ப சொல்லுங்கம்மா, போகலாமா வேண்டாமா? வேண்டாம்னா விட்டுடறோம்” என்று கேட்டோம். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “மாத்திரை போட்டா அந்தத் தட்டை எடுத்துடுவாங்களா சாமி?”

மருமகள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு, பயந்துவிட்டார், யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அன்று அந்த வீட்டில் நாங்கள் மூவரும் காபி குடித்தோம். அந்தத் தாயின் டம்ளரை அருள்சகோதரி எடுத்துக்கொண்டார்.

மே மாதம் மாத்திரை தொடங்கியது. வைரஸ் இருந்தது, ஈரலில் தழும்பு விழுந்திருந்தாலும் சுருக்கம் வரவில்லை. சுருக்கம் வந்திருந்தால், குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு வாரம் தலைவலியும் அசதியும் என்றார், பிறகு சரியாகிவிட்டது. கண் ஆப்பரேஷனை இதற்காகத் தள்ளிப்போடத் தேவையே இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் வலது கண் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சீட்டு அலமாரியில் கிடந்தால், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, முண்டியம்பாக்கத்திலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ கொண்டுபோய்க் கேளுங்கள். கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் உங்கள் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டுங்கள்.

ஆகஸ்ட் நடுவில் மாத்திரை முடிகிறது. குணமானதா என்பது அதற்கு 12 வாரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில்தான் தெரியும், அதாவது நவம்பரில். தேதியைச் சொன்னபோது அந்தத் தாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “கல்லறைத் திருநாளுக்கு அவருக்குப் பூ வெச்சுட்டு, மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறேன் சாமி. அப்புறம் இரத்தம் குடுக்கப் போவோம்” என்றார். அவருக்காகவும், கூடப் போகவிருக்கும் மருமகளுக்காகவும் செபித்துக்கொள்ளுங்கள்.