திட்டம் நோட்டில் மட்டும் போதாது, சுவரிலும் இருக்கட்டும்!

(கூட்டமைப்புக் கூட்டத்தில் தையல் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கடை, கல்யாண வீடு எல்லாம் துணிப்பை கேட்கிறாங்க. ஆர்டர் பிடிப்பது ஒரு வேலை. அதை நஷ்டமில்லாமல் முடிப்பது அதைவிடப் பெரிய வேலை. துணி வாங்குவது குழுக் கடனில் இல்லையா?

பல குழுக்களில் கணக்கு ஒருவர் நோட்டில், அளவு இன்னொருவர் மனசில் இருக்கும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் வேலை நின்றுபோகும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமாருக்கு யாராவது சொன்னால்தான் விவரம் தெரியும். இதற்கு எளிய வழி, குண்டூசி குத்தும் பலகை.

பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மூன்று அடுக்காக ஒட்டுங்க. மேலே பழைய சேலையை இழுத்துக் கட்டுங்க. அகலம் 5 அடி, உயரம் 3 அடி போதும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மாட்டுங்க.

முதல் வேலை, துணியைச் சோதிப்பது. காடாத்துணியில் 10 அங்குலச் சதுரம் வெட்டி, நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்க. 9½ அங்குலம் ஆனால், 100 அங்குலத்துக்கு 5 அங்குலம் சுருங்கும் என்று அர்த்தம். நனைத்த துண்டு, நனைக்காத துண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குத்துங்க. சாயம் போகுதா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வெட்டு அளவு. 12க்கு 14 அங்குலப் பைக்கு, தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து 13க்கு 31 அங்குலம் துணி வேணும். செய்தித்தாளில் அதே அளவு வெட்டிப் பலகையில் குத்திப் பாருங்க. 36 அங்குல அகலத்தில் இரண்டு பை போக 10 அங்குலம் மிஞ்சும். அதில் 2½ அங்குல அகலத்தில் நாலு கைப்பிடி வரும். 31 அங்குலத்தில் இரண்டு பை முடிந்தது! 100 பைக்கு சுமார் 40 மீட்டர் போதும். கைப்பிடிக்குத் தனியாகத் துணி எடுத்தால் இன்னும் ஏழு மீட்டருக்கு மேல் செலவு. சுருங்கி அகலம் குறைந்தால் காகிதத்தை மாற்றிக் குத்துங்க. கத்திரி பட்ட துணியை மாற்ற முடியுமா?

மூன்றாவது, யார் எவ்வளவு தைத்தார் என்பது. ஆளுக்கொரு நிற நூல் தொங்கவிடுங்க. 10 பை தைத்தால் ஒரு முடிச்சு. மேலே துணி மாதிரியும் கொடுக்க வேண்டிய தேதியும் இருக்கட்டும். எண்ணத் தெரிந்தால் போதும், தன் கூலியைத் தானே சொல்லிவிடலாம். "அவளுக்கு மட்டும் வேலை அதிகம்" என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. வாரக் கூட்டத்தில் முடிச்சை எண்ணி நோட்டிலும் எழுதுங்க.

நோட்டைத் திறந்தால்தான் தெரியும். பலகையை எல்லோரும் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். நம் குழுவுக்கு அதுதானே பலம்? அடுத்த ஆர்டருக்கு ஒருமுறை செய்து பாருங்க சகோதரிகளே.