உது என்னும் சொல்



இக்கால இளைஞர் தமிழைக் கெடுக்கின்றனர் என்று முறையிடாத மேடை இல்லை. நானும் அதையே பேசுவேன் என்று எதிர்பார்த்து அழைத்தீர்கள் போலும். 'சூப்பர்' என்கின்றார்கள், 'செம' என்கின்றார்கள், தென்னிந்தியத் திரைப்படத்தில் கேட்டவாறே 'பசங்க' என்கின்றார்கள் என்பது குற்றச்சாட்டு. இதற்கு நான் அவ்வளவாக அஞ்சவில்லை. 1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தந்த கதிரையில் அமர்ந்து, அவர் தந்த யன்னலைத் திறந்து, 1658இல் வந்த ஒல்லாந்தர் தந்த கந்தோருக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றவர்கள் நாம். அயற்சொல்லுக்காகப் பிள்ளைகளைக் கண்டிக்க நமக்கு வாயுண்டோ?

துலாவும் ஆடுகாலும் பட்டையும் அவர்களுக்குத் தெரியவில்லை என்பாருமுளர். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அப்பொருள்கள் மறைந்தன. பெயர்களும் உடன் மறைந்தன. அதற்காகக் கண்ணீர் விடுவோர் விடட்டும். வெயிலில் துலா மிதித்தவர் விடமாட்டார்.

ஆனால், எந்த இயந்திரமும் ஈடுசெய்யாத ஒரு சொல், நான் கேட்கும் இளைஞர் பேச்சில் அருகி வருகின்றது. அது 'உது' என்னும் சொல். என் கையில் இருப்பது இது. கேட்கும் உங்கள் கையில் இருப்பது உது. இருவர்க்கும் அப்பால் இருப்பது அது. அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு என வகுத்தது தொல்காப்பியம். தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்தது. நம் யாழ்ப்பாணத்து முற்றத்திலும் வயல்வரம்பிலும் அது உயிரோடிருந்தது.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் செய்தனர். தமிழும் ஆட்சிமொழியாகும் என்று 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் கூறியது; அதனைச் செயலிற் காணும் போராட்டம் இன்னும் முடியவில்லை. எனினும், 'உது' என்பதைப் பறிக்க எவரும் சட்டம் இயற்றவில்லையே! பாடநூலிலும் தொலைக்காட்சியிலும் அச்சொல் வழங்கக் காண்பது அரிது. வீட்டிலாவது உண்டோவெனில், பிள்ளை 'உவன்' என்றதும் "நாட்டுப்புறத்தான் போலக் கதையாதே" என்று திருத்துகின்றோம். திருத்துபவர் பெரும்பாலும் படித்தவரே.

இங்கு மருத்துவர் சிலர் இருக்கின்றீர்கள். வயலிலிருந்து வந்த முதியவர் ஒருவர் உங்கள் கையிலுள்ள குளிசையைக் காட்டி, "உந்தக் குளிசையை நிப்பாட்டிப் போட்டன், இந்தக் குளிசையைத்தான் போடுறன்" என்கின்றார். உங்கள் கையில் உள்ளது எது, அவர் மடியில் உள்ளது எது என்பதை ஓரெழுத்திலே பிரித்துவிட்டார். அவ்வெழுத்தை அறியாத இளம் மருத்துவர் அவரிடம் மீண்டும் மீண்டும் வினவ நேரிடும். முதியவரோ தம் பேச்சுத்தான் பிழையென்று நாணி வாய்மூடிவிடுவார். அவர் நாணாதிருக்க, "ஓமோம், உதையே போடுங்கோ" என்று அவர் வழக்கிலேயே மறுமொழி கூறுங்கள். பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையும் அதைக் கேட்கட்டும்.