இன்ஜினை மாற்றினோம், குழாயை மறந்தோம்
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



பீங்கான் கல்லூரி விழாவில் இவன் ஏன் லாரியைப் பற்றிப் பேச வருகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். விருத்தாசலத்துப் பட்டறைகளுக்குக் களிமண் வருவதும் லாரியில்தான், இங்கே சுட்ட சரக்கு வெளியூர் போவதும் லாரியில்தான். அதைவிட முக்கியமாக, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தத் தவறு நம் சூளை அறிவிலிருந்தே பிறந்தது.

பழைய வண்டிக்கு வேறு இன்ஜின் ஏற்றுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950களில் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைத் தயாரித்தது. பெட்ரோல் லாரிகள் பல அந்த இன்ஜினை வாங்கிப் பொருத்திக்கொண்டு டீசலுக்கு மாறின. கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் பம்ப் வந்தது. டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் புதிதாக வந்தது. இன்ஜினோடு எரிபொருள் வழி முழுவதும் மாறவேண்டும் என்பதை அன்றைய மெக்கானிக்குகள் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள். டிப்ளமோ வாங்கிய எனக்குத்தான் அது தெரியவில்லை.

நம் சீனியர் அண்ணன் ஒருவர் இங்கே பீங்கான் இன்சுலேட்டர் பட்டறை நடத்துகிறார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், பேரைச் சொல்லாதே என்று உத்தரவு. அவரிடம் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய லாரி ஒன்று. அதன் 110 குதிரைத்திறன் இன்ஜின் தேய்ந்து போயிற்று. 160 குதிரைத்திறன் கொண்ட டர்போ இன்ஜின் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சூளைக்கு ஆயில் லைன் போடறவன். இந்தப் பழைய டேங்கும் குழாயும் தாங்குமா பாரு" என்றார். நான் டார்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்தேன். எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. "நல்லாத்தான் இருக்குண்ணே, மாத்த வேணாம்" என்றேன்.

காலி வண்டி காற்றாய்ப் பறந்தது. சரக்கேற்றிப் பெங்களூர் புறப்பட்ட முதல் பயணத்தில், சேலம் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுவை குறைந்து, இருமி, நின்றுவிட்டது. பாரம் ஏற்றிய லாரி கணவாயில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். டிரைவர் சக்கரத்துக்குக் கல் வைத்துக் காத்திருந்தார். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது.

அடுத்த இரண்டு மாதம் பெரிய செலவு. பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்தோம், நாசில் மாற்றினோம், ஃபில்டர் மூன்று முறை மாற்றினோம். ஷெட்டில் நிறுத்தி எவ்வளவு உறுமவிட்டாலும் பழுது தெரியவில்லை. ஏற்றத்தில் மட்டும் நின்றது. கடைசியில் சந்தேகம் டிரைவர் மேல் திரும்பியது. டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. என் கணக்கு தப்பு என்பதைவிட அவர் கை சுத்தமில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பழுதைக் கண்டுபிடித்தவர் வயதான மெக்கானிக் ஒருவர். ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி வண்டியில் கட்டினார். புது ஓஸ் ஒன்றால் கேனை நேராக ஃபீட் பம்போடு இணைத்தார். ரிட்டர்னையும் கேனுக்கே விட்டார். பாரத்தோடு மேம்பாலம் ஏற்றினோம். வண்டி நிற்கவே இல்லை. "பம்பு நல்லாருக்கு, நாசிலு நல்லாருக்கு. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவுலதான்" என்றார். அரை மணி நேர வேலை. செலவு ஒரு ஓஸ்.

என் தவறு எங்கே? சூளையில் சர்வீஸ் டேங்க் உயரத்தில் இருக்கும். எண்ணெய் தன் பாரத்தால் பர்னருக்கு இறங்கும். குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம் என்பதால் ஓட்டை இருந்தால் ஒழுகும். ஒழுகாவிட்டால் லைன் நல்ல லைன். லாரியில் டேங்க் சேசிஸ் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கிறது. ஃபீட் பம்ப் டீசலை உறிஞ்சி இழுக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஈரமே இல்லாத குழாயைப் பார்த்து நான் கொடுத்த நற்சான்றிதழுக்கு அர்த்தமே இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். தம்பிகள் குறித்துக்கொள்ளலாம். ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 220 கிராம் டீசல் என்று வைத்தால், 110 குதிரைத்திறனுக்கு முழுப் பாரத்தில் மணிக்குச் சுமார் 22 லிட்டர். 160 குதிரைத்திறனுக்குச் சுமார் 32 லிட்டர். இது எரிவது மட்டும். ஃபீட் பம்ப் இதைவிட அதிகமாகவே இழுத்துக் கொடுக்கும். மிச்சம் சூட்டையும் காற்றுக் குமிழியையும் சுமந்துகொண்டு ரிட்டர்ன் வழியே டேங்குக்குத் திரும்பும். ஷெட்டில் காலியாக உறுமும்போது இன்ஜின் இதில் சிறு பங்கைத்தான் குடிக்கிறது. அதனால்தான் அங்கே கோளாறு தெரியவில்லை.

குழாயின் உள்விட்டம் பாதியானால் அதே ஓட்டத்துக்கு அழுத்த இழப்பு 16 மடங்கு. நாம் முதலாண்டில் படித்த பாய்சோய் விதிதான். பழைய ரப்பர் ஓஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தோம். வெளியே பளபளப்பு. உள்ளே ரப்பர் படலம் உரிந்து நாக்குப் போலத் தொங்கியது. உறிஞ்சல் கூடும்போது அந்த நாக்கு வழியை அடைக்கும். இன்ஜின் நின்று உறிஞ்சல் தணிந்ததும் விலகிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் வண்டி தானாக ஓடியதன் ரகசியம் அதுதான். பழைய இன்ஜின் குறைவாக இழுத்ததால் நாக்கு அதுவரை சும்மா இருந்திருக்கிறது.

பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். டேங்கை இறக்கிக் கழுவினோம், அடியில் துருவும் தண்ணீரும் கறுப்புச் சேறும் இருந்தன. (காலி டேங்கில் ஆவி நிற்கும். அதில் ஒருபோதும் வெல்டிங் பற்றவைக்காதீர்கள்.) மூடியில் காற்று போகும் சின்னத் துளை அடைத்திருந்தது, திறந்தோம். உறிஞ்சு குழாயை ஒரு அளவு பெரிதாக்கி ஸ்டீலில் போட்டோம். செம்பும் நாகப்பூச்சும் டீசலோடு நாளாவட்டத்தில் பிசின் உண்டாக்கும் என்பதால் தவிர்த்தோம். இணைப்புகளை இயன்றவரை குறைத்தோம். பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் வைத்தோம். ரிட்டர்ன் குழாயையும் பெரிதாக்கி, உறிஞ்சும் முனைக்குத் தள்ளி இறக்கினோம், இல்லாவிட்டால் திரும்பி வரும் குமிழியையே மறுபடி உறிஞ்சும். கடைசியில் ஃபீட் பம்ப் வாயில் வேக்கம் கேஜ் மாட்டி, ஃபில்டருக்கு முன் ஒரு சாண் கண்ணாடி ஓஸ் போட்டு, பாரத்தோடு ஓட்டிப் பார்த்தோம். முள் நிலையாக நின்றது. குமிழி இல்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. இன்று 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். பழைய ரப்பர் வாஷர்கள் சில இத்தகைய டீசலில் சுருங்கிக் காற்றெடுக்கலாம், பார்த்து மாற்றுங்கள். காமன் ரெயில் இன்ஜின் ஏற்றுவதானால் கதையே வேறு. பழைய நாசில் திறப்பது 200 பார் அளவில், ரெயிலில் 1600 பாரும் அதற்கு மேலும் போகும். அதன் இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். பழைய டேங்கின் துரு ஒரு சிட்டிகை போதும், முழு செட்டையும் தின்றுவிடும்.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இன்ஜின் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டு அனுமதி பெறுங்கள். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் புது எண்ணை ஏற்றவேண்டும். இல்லையென்றால் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம்.

வண்டி சரியானபின் அண்ணனும் நானும் டிரைவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அண்ணன் மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார். ஏத்தத்துலதான் நிக்குது, பத்து நிமிஷம் வுட்டா தானா ஓடுதுன்னு. கலப்பட டீசலு பத்து நிமிஷத்துல நல்ல டீசலா ஆயிடுமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பழுதின் முழு விவரமும் அந்த இரண்டு வரியில் இருந்தது. இரண்டு மாதம் நாங்கள் பம்பைக் கேட்டோம், நாசிலைக் கேட்டோம், ஓட்டியவரைக் கேட்கவில்லை. அவர் அதற்குள் வேறு வண்டியில் சேர்ந்துவிட்டார். திரும்பி வரவில்லை.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் விறகுச் சூளையைக் கேஸ் சூளையாக மாற்றலாம், பழைய பர்னரை எடுத்துப் பெரிய பர்னர் வைக்கலாம். அப்போது டேங்கிலிருந்து கணக்குப் போடுங்கள், பாரத்தில் வைத்து அளந்து பாருங்கள். அதற்கு முன்னால், அந்தச் சூளைக்கு நெருப்பு போடுகிறவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.