மாடு மேய்க்கவும் படிப்பு வேண்டும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கிய பிள்ளைகளை எல்லாரும் பாராட்டிவிட்டார்கள். நான் வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறேன். கணக்கு வராத பையனைப் பார்த்து, "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று ஏசுகிறோம். நானும் ஏசியிருக்கிறேன். ஒருநாள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், மாட்டைப் பத்திப் படிக்கப் பல்கலைக்கழகமே இருக்காமே, மெய்யா?" என்று கேட்டாள். "இருக்கிறதம்மா" என்றேன். அதை அவள் வீட்டில் சொன்னபோது, "மாட்டோட நாங்க பட்ட பாடு போதாதா? நீயுமா?" என்று அவள் தகப்பனார் கோபித்துக்கொண்டாராம். அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். இருந்தாலும் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் அப்பாவும் இந்தப் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வெட்டு முடிந்து வந்து ஆறு பசுக்களைப் பராமரித்தார். காளை ஒன்றே ஒன்று; பார்க்க அழகாக இருக்கும். அதற்குப் பிறந்த கிடாரிகள் வளர்ந்த பிறகும் அதே காளைதான். சில வருஷத்தில் கன்றுகள் நோஞ்சானாகப் பிறந்தன. இரண்டு செத்தே பிறந்தன. "கண்ணு பட்டுட்டுது" என்றார்கள். பழி பக்கத்து வீட்டு விதவைப் பாட்டி மேல் விழுந்தது. என் அம்மா அவருக்கு மோர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பாட்டி எங்கள் வாசலை மறுபடி மிதிக்காமலே கண்ணை மூடினார்.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோதுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன். தகப்பன் காளையை மகள் கிடாரியோடு சேர்த்தால், கன்றின் மரபணு இணைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று, ஒரே மரபணுவின் இரட்டை நகலாக அமைந்துவிடும். மறைந்து கிடந்த குறையெல்லாம் வெளியே வரும். குற்றம் எங்கள் தொழுவத்திலேயே இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கத்தான் பாட்டி இல்லை.

பெற்றோர்களே, இனவிருத்தி நமக்குப் புதிதல்ல. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், தீஜிர் 1, பி.பி. 86 என்ற இரண்டு இனங்களைச் சேர்த்து ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்தை உண்டாக்கியது. நம் பெரியவர்களில் பலர் அந்த மரத்தைச் சீவியவர்கள். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அதிலும் தடித்த ஓடுள்ள தூராவையும் ஓடில்லாத பிசிபெராவையும் சேர்த்துத்தான் தெனெரா வருகிறது.

மரத்தில் நல்லது ஒன்று கிடைத்தால் ஒட்டுக் கட்டி ஆயிரமாக்கலாம். மாட்டை ஒட்டுக் கட்ட முடியுமா? பசுவுக்கு 30 இணை குரோமோசோம்கள். கன்றுக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. எந்தப் பாதி என்பது குலுக்குச் சீட்டு மாதிரி. பசுவுக்குப் பசு பாலில் தெரியும் வித்தியாசத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் பிறவிவழி வருவது. மீதியெல்லாம் தீனி, பராமரிப்பு, வெயில், நோய். இவற்றைப் பிரித்தறியக் கணக்கு வேண்டும். காளையோ பால் தராது. அதன் மகள்கள் கறக்கும் பாலை வைத்துத்தான் காளையை மதிப்பிட வேண்டும். அதற்கு ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். 2001-இல் மியூவிசன், ஹேய்ஸ், காடர்ட் என்ற மூன்று அறிஞர்கள், கன்றின் மரபணுக் குறிகளைக் கொண்டே முன்கூட்டிக் கணிக்க வழி சொன்னார்கள். 2009-இல் மாட்டின் மரபணு வரிசை முழுவதும் வெளியானது. இன்று பல நாடுகளில் இளங்கன்றிலேயே காளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் நாட்டையே பாருங்கள். பிரீசியன் பசு நிறையப் பால் தரும். ஆனால் நம் வெயிலில் வாடிப்போகும். பஞ்சாப் பக்கத்துச் சாகிவால் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். இரண்டையும் கலந்து கால்நடைச் சேவைத் துறை உருவாக்கியதுதான் மாஃப்ரிவால். முதல் கலப்பில் தெரிகிற வீரியம், கலப்பையும் கலப்பையும் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பாதியாகக் குறையும். ஆகவே தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எருமையிலும் ஒரு புதுமை உண்டு. வயலில் உழைத்த நாட்டுக் கெர்பாவுக்கு 48 குரோமோசோம். நம்மவர் பாலுக்கு வளர்க்கும் முர்ராவுக்கு 50. இரண்டுக்கும் பிறப்பதற்கு 49!

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது இந்திய மாடுகளும் வந்தன. அவற்றின் வழிவந்தவற்றை உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்றே அறிவியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் இனங்களை ஆராய்கிறார்கள். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இதில் முதுகலைப் படிப்புத் தருகின்றன. நம் தோட்டத்து மாடுகளை ஆராய நம் பிள்ளைகள் முன்வர வேண்டாமா?

வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். இடைநிலைப் பள்ளியில் உயிரியல், இரசாயனம், கணக்கு மூன்றையும் விடக்கூடாது. பிறகு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன். 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1997-இல் பெயர் மாறிய செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் 5 ஆண்டு. விலங்கு அறிவியல் 4 ஆண்டு. அதற்கு மேல் இனவிருத்தி, மரபியலில் முதுகலை ஆய்வு ஏறத்தாழ 2 ஆண்டு. முனைவர் பட்டத்துக்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டு. நீண்ட பாதைதான். வேலை தேடுபவர் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றான கால்நடை ஆராய்ச்சி நிலையம் நம் ஈப்போவிலேயே இருக்கிறது.

மாணவர்களே, வீட்டில் மாடு, ஆடு, கோழி எது இருந்தாலும் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தாய் எது, தகப்பன் எது, பிறந்த தேதி என்ன, எவ்வளவு பால் என்று எழுதுங்கள். என் அப்பாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், ஒரு பாட்டி பழி சுமந்திருக்க மாட்டார்.

அண்ணே, உங்கள் மகள் கேட்கிறாள். படிக்க விடுங்கள். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று இனி என் வகுப்பில் நான் சொல்லமாட்டேன். இது இந்தச் சபைக்கு நான் கொடுக்கும் வாக்கு.